அழிந்துபோன ராட்சத மான்களை எலும்பை வைத்து அடையாளம் காண்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பனியுகக் கால மான்களின் படங்களை இணையத்தில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே எலும்புக்கூட்டை ஒருவர் ஐரிஷ் எல்க் என்பார், இன்னொருவர் பழங்கால மூஸ் என்பார். நடுவில் மானே இல்லாத ஏதோ ஒரு விலங்கையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். எல்லோருடைய கண்ணும் முதலில் கொம்புக்குப் போவதுதான் காரணம். இந்தக் குடும்பத்தில் அதிகம் ஏமாற்றுவதும் அந்தக் கொம்புதான். மண்டையோட்டின் நெற்றி, முன்னங்கால், மூக்கு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு அப்புறம் கொம்புக்கு வந்தால் பெரும்பாலான தப்புகளைத் தவிர்த்துவிடலாம். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது. அருங்காட்சியகத்தில் நேரில் பார்த்தாலும் சரி, தெளிவான படத்தை வைத்துப் பார்த்தாலும் சரி, முறை ஒன்றுதான்.

தொடங்கும் முன்: இரண்டு கிளைகள்

இன்றுள்ள மான் குடும்பம் இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிகிறது. நம் புள்ளிமான், கடமான், கேளையாடு, ஐரோப்பாவின் செம்மான், தட்டையான கொம்புள்ள ஃபேலோ மான் எல்லாம் ஒரு கிளை. இன்றுள்ள மான்களிலேயே பெரிய மூஸ், வடதுருவப் பகுதியின் ரெயின்டீர், அமெரிக்காவின் வெண்வால் மான், ஐரோப்பாவின் சிறிய ரோ மான் ஆகியவை இன்னொரு கிளை.

அழிந்துபோன ராட்சதர்களில் பெயர் பெற்ற இரண்டு விலங்குகள் இந்த இரு கிளைகளில் ஆளுக்கொன்றில் உட்கார்ந்திருக்கின்றன. முதல் கிளையில் மெகலோசெரோஸ் ஜைகான்டியஸ். ஐரிஷ் எல்க் என்று சொல்வது இதைத்தான். அயர்லாந்திலிருந்து சைபீரியாவின் பைக்கால் ஏரிப் பக்கம் வரை பரவியிருந்த விலங்கு இது. இரண்டாவது கிளையில் செர்வால்செஸ் என்ற பேரினம். இன்றைய மூஸுக்கு மிக நெருங்கிய உறவு. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா மூன்றிலும் இதன் இனங்கள் வாழ்ந்தன. பார்வைக்கு இரண்டுமே பெரிய உடம்பு, தட்டையாக விரிந்த கொம்பு. ஆனால் உறவுமுறையில் தூரம் அதிகம்.

எல்க் என்ற பெயரை இதற்கு மேல் நான் பயன்படுத்தப் போவதில்லை. பிரிட்டனில் அது மூஸைக் குறிக்கும், அமெரிக்காவில் வாபிட்டி என்ற வேறொரு மானைக் குறிக்கும். மெகலோசெரோஸ் இந்த இரண்டும் இல்லை.

படி 1: முதலில், இது மான்தானா?

கிண்டி தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தால் புள்ளிமானும் வெளிமானும் ஒரே இடத்தில் வாழ்வதைப் பார்த்திருப்பீர்கள். பெயரில் மான் இருந்தாலும் வெளிமான் மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் முறுக்கிய கொம்பு கிளை விடாது, விழாது. உள்ளே எலும்பு, மேலே நகத்தைப் போன்ற பொருளால் ஆன உறை. புள்ளிமானின் கொம்போ முழுக்க எலும்பு. அது விழுந்து மறுபடி முளைக்கும்.

புதைபடிவத்தில் இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டிய இடம் கொம்பின் அடி. மானின் நெற்றி எலும்பிலிருந்து ஒரு குட்டையான எலும்புக் காம்பு எழும்பும். அதன் மேல்தான் கொம்பு உட்காரும். இரண்டும் சேரும் இடத்தைச் சுற்றி மணி மணியாகப் புடைத்த ஒரு வளையம் ஓடும். அந்த மணிகளுக்கு இடையே இரத்தக் குழாய்கள் ஓடிய பள்ளங்களைக் கூடப் பார்க்கலாம். காம்பும் வளையமும் இருந்தால் மான் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம்.

இவை இல்லையென்றால் கொம்பு எவ்வளவு தட்டையாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். இதற்குச் சரியான பாடம் நம் சிவாலிக் மலையடிவாரத்திலேயே கிடைத்தது. 1836இல் ஹியூ ஃபால்கனரும் புரோபி காட்லியும் சிவதீரியம் என்று பெயரிட்டு விவரித்த விலங்கு அது. கண்ணுக்கு மேலே ஒரு சின்ன ஜோடிக் கொம்பு, பின்னால் தட்டையாக விரிந்த பெரிய ஜோடி, குட்டைக் கழுத்து, கனத்த உடம்பு. படத்தில் பார்த்தால் மூஸின் பாட்டன் என்றே தோன்றும். ஆனால் அது ஒட்டகச்சிவிங்கிக் குடும்பம். அதன் கொம்பு விழுந்து முளைத்தது அல்ல, அடியில் மணி வளையமும் கிடையாது. அழிந்துபோன மான்கள் என்ற தலைப்பில் சிவதீரியத்தைச் சேர்த்திருக்கும் பட்டியலைக் கண்டால் மற்ற வரிகளையும் நம்பாமல் படியுங்கள்.

இத்தாலியின் கார்கானோ பகுதியில் கிடைத்த ஹோப்ளிடோமெரிக்ஸும் இப்படித்தான். ஐந்து கொம்பு, வாள் போல நீண்ட மேல் கோரைப்பல். அந்தக் கொம்புகளும் விழாதவை. அதனால் தனிக் குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள்.

தலையே கிடைக்கவில்லை, கால் எலும்பு மட்டும்தான் என்றால் பின்னங்காலில் குளம்புப் பகுதிக்கு மேலே உள்ள நீள எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்பக்கம் நெடுக ஒரு பள்ளம் ஓடும். மானில் அந்தப் பள்ளத்தின் கீழ்முனையை ஒரு சிறு எலும்புப் பாலம் மூடியிருக்கும். மாட்டுக் குடும்பத்தில் பள்ளம் கடைசி வரை திறந்தே இருக்கும். கொம்பில்லாத பிணை மானுக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

படி 2: முன்னங்காலைப் பாருங்கள்

என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் நம்பகமான படி. அருங்காட்சியகத்தில் யாரும் குனிந்து பார்க்காத இடமும் இதுதான்.

நமக்கு உள்ளங்கையில் இருக்கும் எலும்புகள் மானுக்குக் குளம்புக்கும் முன்னங்கால் மூட்டுக்கும் நடுவில் நீண்டு கிடக்கின்றன. நடுவிலுள்ள இரண்டும் ஒட்டி ஒரே தடித்த எலும்பாகிவிட்டன. இரு பக்கத்திலும் இருந்தவை தேய்ந்து மெல்லிய குச்சிகளாகிவிட்டன. அந்தக் குச்சியின் எந்த முனை மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கேள்வி. புள்ளிமான், செம்மான் கிளையில் மேல்முனை மிஞ்சியிருக்கும். மூஸ், ரெயின்டீர் கிளையில் கீழ்முனை மிஞ்சியிருக்கும். இந்த வித்தியாசத்தை வைத்து மான் குடும்பத்தை இரண்டாகப் பிரிக்கலாம் என்று 1878இல் விக்டர் புரூக் எழுதினார். பின்னால் வந்த மரபணு ஆய்வுகளும் அந்தப் பிரிவை உறுதிப்படுத்தின.

மெகலோசெரோஸுக்கு மேல்முனை, செர்வால்செஸுக்குக் கீழ்முனை. இவ்வளவுதான். இரண்டுக்கும் தட்டைக் கொம்பு இருந்தாலும் அது தனித்தனியாக உருவானது என்பதைக் கால் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஒரு சிக்கலும் உண்டு. இந்தக் குச்சிகள் மிகச் சன்னமானவை. தோண்டும்போது தொலைந்துபோகும். காட்சிக்கு நிறுத்திய பழைய எலும்புக்கூடுகள் பல, பல விலங்குகளின் எலும்புகளைச் சேர்த்துக் கட்டியவை. காணாத இடத்தில் பிளாஸ்டர் வைத்திருப்பார்கள். நிறமும் மேற்பரப்பும் பக்கத்து எலும்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

படி 3: மூக்கு எலும்பு

மூஸின் மண்டையோட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் மூக்கு எலும்பு வெட்டிவிட்டது போல மிகக் குட்டையாக இருக்கும். அதற்கு முன்னால் பெரிய திறப்பு. உயிரோடு இருக்கும்போது அந்த இடத்தை நிரப்புவதுதான் மூஸின் தொங்கும் பெரிய மூக்கு.

வட அமெரிக்காவின் செர்வால்செஸ் ஸ்காட்டியில் மூக்கு எலும்பு இவ்வளவு குறுகவில்லை. மூஸின் உயர்ந்த கால்கள், சாதாரண மானின் முகம் என்ற கலவை அது. அதன் எலும்பு ஒன்று கென்டக்கி மாநிலத்தின் பிக் போன் லிக்கிலிருந்து முதலில் வெளிவந்தது. காஸ்பர் விஸ்டார் அதை 1818இல் விவரித்தார். ஆனால் விலங்கின் முழு உருவம் புரிந்தது நியூ ஜெர்சியின் மவுண்ட் ஹெர்மனில் ஒரு சதுப்பிலிருந்து எடுத்த எலும்புக்கூட்டை வில்லியம் பெரிமன் ஸ்காட் 1885இல் ஆராய்ந்த பிறகுதான். இனப் பெயரில் இருப்பவர் அவர்தான்.

மெகலோசெரோஸின் மூக்கு எலும்பு நீளமானது, அதில் விசேஷம் இல்லை. அதற்குப் பதில் கீழ்த்தாடையைப் பாருங்கள். வழக்கமான மான் தாடையை விட நன்றாகத் தடித்து உருண்டிருக்கும். தாடைத் துண்டு மட்டும் கிடைத்தால் இது பெரிய உதவி.

படி 4: இப்போது கொம்புக்கு வரலாம்

கொம்பைப் பார்க்கும்போது அகலத்தில் மயங்காமல் அடியிலிருந்து நுனிக்குப் போங்கள். தண்டு எந்தத் திசையில் கிளம்புகிறது? நெற்றிக்கு நேர் மேலே முதல் கிளை உண்டா? தட்டு தொடங்கும் வரை தண்டு எவ்வளவு நீளம்? தட்டின் விளிம்பில் கிளைகள் எந்தப் பக்கம்?

மெகலோசெரோஸில் அடிக்குச் சற்று மேலே ஒரு நெற்றிக் கிளை முன்னோக்கி நீளும். அப்புறம் தண்டு வெளியே வளைந்து முறம் போல விரியும். விளிம்பில் நீண்ட கிளைகள். இரு நுனிகளுக்கும் இடையே 3.6 மீட்டர் வரை அளந்திருக்கிறார்கள். பெரிய ஜோடிக் கொம்பு 40 கிலோ வரை எடை. மூஸில் இப்படி ஒரு நெற்றிக் கிளை கிடையாது. தண்டு காதுக்கு மேலே பக்கவாட்டில் கிடையாகக் கிளம்பிச் சீக்கிரமே தட்டாகிவிடும்.

மூஸ் வம்சத்தின் கதையே அந்தத் தண்டு குறுகிய கதைதான். பிரான்சின் செனேஸில் கிடைத்த, சுமார் 20 லட்சம் ஆண்டு பழைய செர்வால்செஸ் காலிகஸுக்கு மிக நீண்ட தண்டும் அதன் முனையில் சின்னத் தட்டும் இருந்தன. அடுத்து வந்த செர்வால்செஸ் லாட்டிஃப்ரான்ஸில் தண்டு குறைந்து தட்டு பெரிதானது. இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் கிடைத்த மண்டையோட்டை வைத்து 1874இல் பெயர் பெற்ற இனம் இது. இன்றைய மூஸில் தண்டு இன்னும் குட்டை. ஆகவே மூஸ் போன்ற ஒரு கொம்பில் தண்டு நீளமாக இருந்தால் பழைய இனம் என்று யூகிக்கலாம். செர்வால்செஸ் ஸ்காட்டி மட்டும் தனி வழி போனது. அதன் தட்டு மேலும் கீழும் மடல்களாகப் பிரிந்து சிக்கலான உருவம் எடுத்தது. கீழ்ப்பக்க மடலைப் பார்த்தாலே அதைச் சொல்லிவிடலாம்.

எல்லா விசித்திரமும் தட்டுதான் என்று எண்ண வேண்டாம். இத்தாலியின் ஆர்னோ பள்ளத்தாக்கில் கிடைத்து 1841இல் விவரிக்கப்பட்ட யூக்ளாடோசெரோஸ் டைக்ரானியோஸின் ஒவ்வொரு கொம்பிலும் 12 நுனிகள் வரை உண்டு. தட்டு கிடையாது, புதர்தான். சிவதீரியத்துக்குப் பெயர் வைத்த அதே ஃபால்கனர்தான் இந்தப் பேரினத்துக்கும் பெயர் வைத்தவர்.

இன்னும் பின்னால் போனால், சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டைக்ரோசெரஸின் கொம்பு நீண்ட காம்பின் மேல் இரண்டாகப் பிரிந்த சின்னக் கவை மட்டுமே. கேளையாட்டின் தலையைப் பார்த்திருந்தால் அந்த நீண்ட காம்பு உங்களுக்குப் புதிதாக இருக்காது.

படி 5: விழுந்த கொம்பா, தலையோடு வந்த கொம்பா?

கொம்பின் அடி வழுவழுப்பாகக் கொஞ்சம் புடைத்து, வளையத்தோடு முடிந்தால் அது தானாக விழுந்த கொம்பு. அந்த இடத்தில் மான் நடமாடியது என்று மட்டும் சொல்லலாம், செத்தது என்று சொல்ல முடியாது. காம்போடும் மண்டையோட்டுத் துண்டோடும் இருந்தால் கொம்பு முளைத்து நின்ற பருவத்தில் விலங்கு செத்திருக்கிறது.

இது எவ்வளவு பேசும் என்பதற்கு டப்ளினுக்குத் தெற்கே உள்ள பாலிபெட்டா சதுப்பு நல்ல உதாரணம். அங்கே 19ஆம் நூற்றாண்டிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட மெகலோசெரோஸ்களின் எலும்புகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் ஆண்கள். கூட்டமாகச் சேற்றில் சிக்கி மூழ்கியிருக்கும், கொம்பின் பாரம்தான் அமுக்கியிருக்கும் என்றெல்லாம் கதை இருந்தது. 1980களில் ஆன்டனி பார்னோஸ்கி அந்த எலும்புகளை மறுபடி ஆராய்ந்தபோது வேறு சித்திரம் கிடைத்தது. செத்தவை பெரும்பாலும் உடம்பில் சிறிய ஆண்கள், செத்தது குளிர்காலம். இணைசேரும் பருவத்தில் தீனி மறந்து சண்டையிட்டு இளைத்த ஆண்கள் பனிக்காலத்தைத் தாங்க முடியாமல் விழும். செம்மான்களில் இன்றும் நடப்பதுதான். ஆண்டுக்கொரு முறை அவ்வளவு எலும்பை முளைக்க வைக்க உடம்பு தன் விலா எலும்புகளிலிருந்தே சுண்ணாம்புச் சத்தை இழுக்கிறது. கோடையில் நல்ல மேய்ச்சல் கிடைத்தால்தான் அந்தக் கடன் அடையும்.

பிணைகளுக்குக் கொம்பில்லை. அதனாலேயே அந்தக் காலத்தில் தோண்டியவர்கள் கொம்புள்ள தலைகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். பழைய சேகரிப்பில் ஆண் பெண் எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது.

படி 6: அளவை வைத்து இனத்தை முடிவு செய்யாதீர்கள்

மெகலோசெரோஸின் தோள் உயரம் சுமார் 2.1 மீட்டர். அலாஸ்காவின் பெரிய ஆண் மூஸும் அந்த உயரத்தை எட்டும். செர்வால்செஸ் லாட்டிஃப்ரான்ஸ் இரண்டையும் விடக் கனமானது, மான்களிலேயே மிகப் பெரியது இதுவாக இருக்கலாம்.

தீவு என்றால் கணக்கே மாறிவிடும். கிரீட் தீவில் வாழ்ந்த கேண்டியாசெர்வஸ் இனங்களில் மிகச் சிறியது தோளுயரம் சுமார் 40 செண்டிமீட்டர்தான். அதே தீவில் பெரிய இனங்களும் இருந்தன. பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் உள்ள ஜெர்சி தீவில், கடல் சூழ்ந்து தனித்துப்போன செம்மான்கள் 6,000 ஆண்டுகளுக்குள் உடல் எடையில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டன. குட்டியா, குள்ள இனமா என்று தெரிய பற்களைப் பாருங்கள். எல்லாம் முளைத்து மேற்பரப்பு தேய்ந்திருந்தால் வளர்ந்த விலங்கு.

படி 7: எந்த அடுக்கு, எந்தக் காலம்

அயர்லாந்தில் இந்த எலும்புகள் பெரும்பாலும் கரிய சதுப்பு மண்ணுக்குள் கிடைப்பதில்லை. அதற்கும் கீழே, பழைய ஏரியின் அடியில் படிந்த களிமண்ணிலும் சுண்ணாம்புச் சேற்றிலும் கிடைக்கின்றன. அதாவது சதுப்பு உருவாவதற்கு முன்பே மான் போய்விட்டது.

எலும்பில் மிஞ்சிய கரிமத்தை வைத்து வயதைக் கணிக்கும் ரேடியோகார்பன் முறை சுமார் 50,000 ஆண்டுகள் வரைதான் கைகொடுக்கும். செனேஸ் மாதிரியான இடங்களுக்கு எரிமலைப் படிவுகளையும் உடன் கிடைத்த விலங்குகளையும் நம்ப வேண்டும். ரேடியோகார்பன் எண்களைப் படிக்கும்போது உண்மையான நாட்காட்டி ஆண்டுக்குத் திருத்திய எண்ணா, திருத்தாத எண்ணா என்று கவனியுங்கள். பனியுக முடிவில் இரண்டுக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வித்தியாசம் வரும். இணையத்தில் காணும் பாதி முரண்பாடு இதனால்தான்.

திருத்திய கணக்கில் மெகலோசெரோஸ் அயர்லாந்தில் சுமார் 12,500 ஆண்டுகளுக்கு முன், திடீரெனத் திரும்பி வந்த குளிரில் மறைந்தது. அதோடு முடிந்தது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 2004இல் வெளியான ஆய்வு, மேற்கு சைபீரியாவில் அது சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன்பு வரை உயிரோடு இருந்ததைக் காட்டியது. செர்வால்செஸ் ஸ்காட்டி பனியுக முடிவோடு போனது. ஏறக்குறைய அதே சமயம் இன்றைய மூஸ் ஆசியாவிலிருந்து வட அமெரிக்காவுக்குள் நுழைந்தது. போட்டியில் தோற்றதா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

படி 8: மரபணுவும் குகை ஓவியமும்

1697இல் டப்ளின் மருத்துவர் தாமஸ் மாலினூ மெகலோசெரோஸை முதலில் விவரித்தபோது அதை அமெரிக்க மூஸ் என்று முடிவு கட்டினார். கடவுள் படைத்த ஓர் இனம் அடியோடு அழியும் என்பதை அவர் ஏற்கவில்லை. அதனால் எங்காவது உயிரோடு இருக்க வேண்டும், தட்டைக் கொம்புள்ள பெரிய மான் என்றால் மூஸ்தானே என்று போனார். இது உயிரோடுள்ள எந்த மானும் அல்ல என்று ஜார்ஜ் குவியே காட்ட 1812 ஆனது. 2005இல் ஏட்ரியன் லிஸ்டரின் குழு எலும்பிலிருந்து எடுத்த மரபணுவை ஒப்பிட்டபோது, உயிரோடுள்ளவற்றில் மிக நெருங்கிய உறவு ஃபேலோ மான் என்று தெரிந்தது.

எலும்பு சொல்லாததை ஓவியம் சொல்லும். பிரான்சின் கூன்யாக் குகையில் வரைந்த மெகலோசெரோஸ்களுக்குத் தோளின் மேல் திமில் இருக்கிறது. புதிதாக ஒருவர் வரைந்த படத்தைப் பார்த்தால் திமில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர் குகை ஓவியத்தைப் பார்க்காமலே வரைந்திருக்கிறார்.

படி 9: அழிந்த காரணத்தைச் சொல்லும் பலகையைச் சரிபாருங்கள்

கொம்பு அளவுக்கு மீறிப் பெருத்துத் தலையைத் தூக்க முடியாமல் செத்தது என்ற கதையைப் பழைய பலகைகளில் இன்னும் காணலாம். ஸ்டீஃபன் ஜே கூல்ட் 79 மண்டையோடுகளையும் கொம்புகளையும் அளந்து 1974இல் இதற்குப் பதில் எழுதினார். மான்களில் உடம்பு பெருக்கப் பெருக்கக் கொம்பு அதை விட வேகமாகப் பெருக்கும். அந்த விகிதத்தில் பார்த்தால் மெகலோசெரோஸின் கொம்பு அதன் உடம்புக்கு ஏற்றதுதான். வெறும் பகட்டு, சண்டைக்கு உதவாது என்ற பேச்சும் 2019இல் ஆட்டம் கண்டது. கொம்புகளைப் பிணைத்து முறுக்கித் தள்ளும் சண்டையை அந்த எலும்பு தாங்கும் என்று கணினி மாதிரி காட்டியது. தட்பவெப்பம் மாறி மேய்ச்சல் குறைந்தது, காடு அடர்ந்தது, சில இடங்களில் மனிதனும் வந்து சேர்ந்தான் என்று இடத்துக்கு இடம் காரணத்தைப் பிரித்துச் சொல்லும் பலகையே மேல்.

பழகிப் பார்க்க

மெகலோசெரோஸ் எலும்புக்கூடுகள் டப்ளினிலும் லண்டனிலும் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. டப்ளின் சேகரிப்பில் கொம்பில்லாத பிணையும் உண்டு. ஆனால் டப்ளின் கட்டடம் 2024இல் புதுப்பிப்புக்காக மூடப்பட்டது, போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். சிவாலிக் புதைபடிவங்களுக்குக் கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகம்.

அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் ஊர்ப் பக்கம் எந்தக் காட்சிக்கூடத்திலாவது புள்ளிமான் தலையும் வெளிமான் தலையும் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் படி 1 மட்டும் செய்து பாருங்கள், காம்பும் வளையமும் கண்ணுக்குப் பழகிவிடும். காட்டில் விழுந்து கிடக்கும் கொம்பை மட்டும் பாடத்துக்கு என்று எடுத்து வந்துவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கிடந்த இடத்திலேயே, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, அடிப்பகுதி நன்றாகத் தெரிகிற மாதிரி நாலு படம் எடுத்துக்கொண்டால் போதும்.